எளியவர் மூச்சே அளவுகோல்



நிலத்துக்குப் பட்டா உண்டு. நீருக்கு முறைப்பாசனம் உண்டு. காற்று மட்டும் எல்லோருக்கும் பொது என்று நம்புகிறோம். அந்த நம்பிக்கை பாதிதான் உண்மை. காற்றுக்கு வேலி இல்லை. ஆனால் புகைபோக்கியின் நிழலில் யார் குடியிருப்பது, நெடுஞ்சாலையின் ஓரத்தில் யார் குழந்தை வளர்ப்பது என்பதை வருமானமே தீர்மானிக்கிறது. ஆகவே காற்று மாசு என்பது வேதியியல் சிக்கலாக இருக்கும் அளவுக்கு நீதிச் சிக்கலாகவும் இருக்கிறது. அதைத் தீர்க்கும் இடங்களில் முதன்மையானவை சட்டமன்றமும் நாடாளுமன்றமும். பிரிட்டன் நாடாளுமன்றத்தில் ஏறத்தாழ எழுபது ஆண்டு இடைவெளியில் நடந்த இரு முயற்சிகளை உங்கள் முன் வைத்து ஒரே கருத்தை வாதிட விரும்புகிறேன்: காற்றுக்கான சட்டம் எளியவரின் மூச்சை அளவுகோலாகக் கொள்ள வேண்டும், மாற்றத்தின் செலவையும் அந்த எளியவர் தோளில் ஏற்றக் கூடாது.

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டன் நகரம் நச்சுப்புகையில் மூழ்கியது. கடுங்குளிர், காற்று அசையவில்லை, மேலே வெப்பமான காற்றடுக்கு மூடிபோல் நின்றது. வீட்டுக் கணப்புகளும் ஆலைகளும் கக்கிய நிலக்கரிப் புகை போக வழியின்றித் தெருவிலேயே தங்கியது. ஏறத்தாழ 4,000 பேர் இறந்ததாக அன்றைய அரசுக் கணக்கு சொன்னது. அடுத்த மாதங்களிலும் இறப்பு மிகுந்திருந்தபோது, அது இன்ஃப்ளூயன்ஸா காய்ச்சலின் விளைவு என்று விளக்கம் தரப்பட்டது. 2001-இல் வெளியான மறுஆய்வு அந்தக் கூடுதல் இறப்புகளையும் புகையோடு சேர்த்துப் பார்த்து, மொத்தம் 12,000 அளவில் இருக்கும் என்று மதிப்பிட்டது. உழைக்கும் மக்கள் நெருக்கமாக வாழ்ந்த கிழக்கு லண்டனில் இறப்பு விகிதம் வழக்கத்தைவிட ஒன்பது மடங்கு உயர்ந்தது. புகை நகரம் முழுவதையும் மூடியது. சாவு அப்படிச் சமமாகப் பரவவில்லை.

அரசு உடனே அசையவில்லை. 1953 தொடக்கத்தில் தொழிற்கட்சி உறுப்பினர் நார்மன் டாட்ஸ் அவையில் கேள்வி எழுப்பியபோது, அமைச்சர் ஹரோல்ட் மேக்மில்லன் பரந்த பொருளாதாரக் காரணங்களைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்றார். அழுத்தம் கூடியபின் ஹியூ பீவர் தலைமையில் காற்று மாசை ஆராயும் குழு அமைக்கப்பட்டது; 1954 நவம்பரில் அதன் இறுதி அறிக்கை வந்தது. அறிக்கை அலமாரியில் உறங்கிவிடாமல் காத்தவர் ஆளுங்கட்சியைச் சேர்ந்த ஜெரால்ட் நபாரோ. அவர் அந்தப் பரிந்துரைகளை, அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதாவாக்கி 1955 பிப்ரவரியில் அவையில் வைத்தார். தானே சட்டம் கொண்டுவருவதாக அரசு உறுதி தந்ததும் அதைத் திரும்பப் பெற்றார். 1956 ஜூலையில் தூய காற்றுச் சட்டம் பிறந்தது.

அந்தச் சட்டத்தின் சிறப்பு தடையில் மட்டும் இல்லை. லண்டன் புகையில் ஒரு பங்கு ஏழைகளின் கணப்பிலிருந்தும் எழுந்தது. மாசுபடுத்தியவரும் அவரே, மடிந்தவரும் அவரே. வெறும் தடை போட்டிருந்தால் அது குளிரில் நடுங்குபவருக்கு விதித்த அபராதமாக முடிந்திருக்கும். அதனால் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகளை அறிவித்த அதே சட்டம், பழைய வீடுகளின் கணப்பைப் புகையற்ற எரிபொருளுக்கு மாற்றும் செலவில் பத்தில் ஏழு பங்கைப் பொதுப்பணத்திலிருந்து ஈடுகட்டியது. சட்டப்பிரிவுக்குப் பக்கத்திலேயே பணமும் வைக்கப்பட்டதுதான் அந்தச் சட்டத்தைச் செயல்பட வைத்தது.

கரிப்புகை அடங்கியது, வாகனப்புகை அந்த இடத்தைப் பிடித்தது. 2003-இல் வெளியான மிட்சல், டார்லிங் ஆகியோரின் ஆய்வு பிரிட்டன் முழுவதையும் வட்டாரம் வட்டாரமாகப் பார்த்து, மிகக் குறைவாகக் கார் வைத்திருக்கும் ஏழை வட்டாரங்களே மிக மோசமான காற்றைச் சுவாசிப்பதாகக் கண்டது. பத்தாண்டு கழித்து, 2013 பிப்ரவரியில், தென்கிழக்கு லண்டனில் பரபரப்பான சாலை அருகே வாழ்ந்த எலா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுச் சிறுமி ஆஸ்துமாவால் இறந்தாள். முதல் விசாரணை காற்றைப் பற்றிப் பேசவில்லை. தாயின் போராட்டத்தால் அந்த முடிவு ரத்தாகி, 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி காற்று மாசும் அவள் இறப்புக்குக் காரணம் என்று பதிவு செய்தார். அவள் பெயரால் அழைக்கப்படும் மசோதாவைப் பசுமைக் கட்சியின் ஜென்னி ஜோன்ஸ் பிரபுக்கள் அவையில் கொண்டுவந்தார். தூய காற்றை மனித உரிமையாக்கும் அந்த மசோதா 2022 டிசம்பரில் அங்கே நிறைவேறியது. மக்களவையில் கரோலின் லூகாஸ் அதை ஏந்தினார். அங்கே அது சட்டமாகவில்லை.

காற்றுக்கான சட்டத்துக்கு எதிரான வாதங்களையும் நேர்மையாக எடைபோட வேண்டும். ஒரு தனி மனிதரின் சாவைக் காற்றின் மேல் எப்படி ஏற்றுவது என்பது முதல் கேள்வி. புகைப்பழக்கம், வறுமை, ஈரச்சுவர், ஊட்டக்குறைவு எல்லாம் கலந்தே உடல் நலிகிறது, மறுக்கவில்லை. ஆனால் பல காரணங்கள் சேரும்போது, சட்டத்தால் குறைக்கக்கூடிய காரணத்தைக் கணக்கிலிருந்தே விட்டுவிடுவது அறிவியல் எச்சரிக்கை ஆகாது. 1953-இன் இன்ஃப்ளூயன்ஸா விளக்கம் அப்படித்தான் ஆயிரக்கணக்கானோரைப் பட்டியலிலிருந்து விலக்கியது. அடுத்த கேள்வி இன்னும் கனமானது: கட்டுப்பாடுகள் ஏழையையே வாட்டுமே? 2023 ஆகஸ்டில் லண்டன் முழுவதற்கும் புகை வாகனக் கட்டணம் விரிந்தபோது, பழைய வண்டியை நம்பிப் பிழைப்பவர்கள் நாளொன்றுக்குப் பன்னிரண்டரை பவுண்டுக்கு எங்கே போவது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் கட்டுப்பாட்டைக் கைவிடுவதில் இல்லை. 1956 காட்டிய வழியில் இருக்கிறது. பழைய வண்டியைக் கழிக்க உதவித்தொகை போதிய அளவில், முன்கூட்டியே, கேட்டு அலையாமல் கிடைக்க வேண்டும். உதவி தாமதமானால் நல்ல சட்டமும் மக்களின் கோபத்துக்கு இரையாகும்.

தனிநபர் மசோதா பெரும்பாலும் தோற்கிறதே, அதில் என்ன பயன் என்று கேட்போரும் உண்டு. நபாரோவின் மசோதாவும் சட்டமாகவில்லை. ஆனால் அரசிடமிருந்து சட்டத்தைக் கறந்தது. நம் நாட்டிலும் உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015-இல் மாநிலங்களவையில் நிறைவேறியது. பல பத்தாண்டுகளில் ஓர் அவை ஏற்ற முதல் தனிநபர் மசோதா அது. அது அப்படியே சட்டமாகாவிட்டாலும், திருநர் உரிமையைக் காக்கும் கடமை தன்னுடையது என்பதை அரசு ஒதுக்க முடியாமல் செய்தது. எழுதி வைத்த மசோதா, பின்னால் வருபவருக்குத் தயாராகக் கிடக்கும் வரைவு.

பட்டதாரிகளே, ஆண்டுச் சராசரியாக ஒரு கனமீட்டரில் 5 மைக்ரோகிராம் நுண்துகளுக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது. இந்தியாவின் வரம்பு 40. அந்த 40-ம் கருவி உள்ள இடத்தின் ஆண்டுச் சராசரி. கருவி இல்லாத, ஆலைச் சுவரை ஒட்டிய தெருவின் காற்றை அந்தச் சராசரி சொல்லாது. அங்கே கருவி வைக்கச் சொல்லி வாதிடப்போகிறவர் உங்களில் உள்ள பொறியாளர். மாற்றத்தின் செலவை யார் ஏற்பது என்று கணக்கிடப்போகிறவர் பொருளியல் படித்தவர். பிரிவுகளைத் தீட்டுபவர் சட்டம் படித்தவர். இறப்புக்குக் காரணம் எழுதுபவர் மருத்துவர். எந்த உறுப்பினரும் வெறுங்கையோடு அவையில் எழ முடியாது. அவர் கையில் இருக்கும் தாள் இவர்களிடமிருந்து போனது. 1952-இல் ஆயிரக்கணக்கானோருக்கு எழுதப்படாத ஒரு வரி, 2020-இல் ஒரு சிறுமிக்கு எழுதப்பட்டது. அந்த வரியை அவரவர் மேசையில் தயங்காமல் எழுதுங்கள்.