வடக்குத்து வழியே வீராணம்

நெய்வேலி என்றால் சுரங்கமும் அனல்மின் நிலையமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். நகரியத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வடக்குத்து அதிகம் பேசப்படுவதில்லை. சென்னைக்குப் போகும் வீராணம் தண்ணீர் அங்கேதான் சுத்திகரிக்கப்படுகிறது.

வீராணம் சோழர் காலத்து ஏரி. பத்தாம் நூற்றாண்டின் முற்பாதியில், முதலாம் பராந்தகன் ஆட்சியில் வெட்டப்பட்டது. அவனுடைய பட்டப்பெயர் வீரநாராயணன். ஏரியின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். கொள்ளிடத்துத் தண்ணீர் வடவாறு வழியாக வந்து ஏரியை நிரப்புகிறது. காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் சுமார் 45,000 ஏக்கர் நிலம் இதை நம்பி இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காவிரியைவிடக் கொள்ளிடம் அதிகத் தண்ணீரை இழுத்துக்கொண்டது. தஞ்சைப் பாசனம் தவித்தது. பொறியாளர் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டி, தண்ணீரைக் காவிரிப் பக்கம் திருப்பினார். மேலே மறித்தால் கீழே குறையும் அல்லவா? கொள்ளிடத்தை நம்பியிருந்த வடவாறும் வீராணமும் வறண்டுபோகாமல் இருக்க அணைக்கரையில் கீழணை எழுந்தது. இரண்டுமே 1836-இல் கட்டப்பட்டவை. ஒரு பாசனத்தைக் காக்கப்போய் இன்னொன்றைக் கெடுத்துவிடக் கூடாது என்ற அந்தக் கணக்கை நான் பெரிதாக மதிக்கிறேன்.

'வீராணம் நீர்மட்டம் 47.5 அடி' என்று செய்தியில் கேட்டதும், அதுதான் ஆழம் என்று எண்ணிவிடாதீர்கள். அது கடல்மட்டத்திலிருந்து அளக்கும் உயரம். ஏரி அகலமானது, ஆழம் குறைந்தது. நிரம்பினாலும் ஒன்றரை டி.எம்.சி.க்குச் சற்றுக் குறைவு. மேட்டூரின் கொள்ளளவோ 93 டி.எம்.சி.க்கும் மேல்.

இந்தச் சிறிய ஏரியிலிருந்து சென்னைக்குக் குடிநீர் கொண்டுபோகும் முதல் திட்டம் பாதியிலேயே நின்றது. சாலையோரம் கிடந்த அந்தப் பெரிய குழாய்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் உங்களில் இருப்பார்கள். புதிய வீராணம் திட்டம் 2004-இல் நிறைவேறியது. சேத்தியாத்தோப்பில் இறைக்கும் தண்ணீர் வடக்குத்துக்கு ஏறி, சுத்தமாகி, சென்னை போய்ச் சேருகிறது.

சென்னையின் தாகம் நியாயமானதுதான். ஆனால் வெள்ளத்தோடு வரும் வண்டல் ஏரியின் கொள்ளளவைத் தின்றுகொண்டே இருக்கிறது. குழாய்க்குச் செலவழித்த அக்கறையோடு ஏரியைத் தூர்வாரவும் வேண்டும். ஏரித் தண்ணீரில் முதல் உரிமை ஆயக்கட்டு விவசாயிகளுக்கே.