ஒரு செவிலியர், எத்தனை நோயாளிகள்?

அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்த நோயாளிக்கு நாடித்துடிப்பு ஏறினாலும், தையல் போட்ட இடத்தில் ரத்தம் கசிந்தாலும், பெரும்பாலும் முதலில் கவனிப்பவர் செவிலியர்தான். ஒருவரே பல நோயாளிகளைப் பார்க்க வேண்டியிருந்தால் இத்தகைய அறிகுறிகள் கண்ணில் படத் தாமதமாகும்.

இதன் விளைவை ஆய்வாளர் லிண்டா ஐக்கனின் குழு 2002-இல் வெளியிட்ட ஆய்வு அளந்து காட்டியது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகள் ஆராயப்பட்டன. ஒரு செவிலியரின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடினால், அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. செவிலியர் பணிச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்போ 23 சதவீதம் கூடியிருந்தது.

பணிச்சுமையோடு வேறு சிரமங்களும் உண்டு. மாறி மாறி வரும் இரவுப்பணி உறக்கத்தைக் கெடுக்கிறது. நோயாளிகளைத் தூக்கிப் புரட்டிப் படுக்கவைப்பதால் முதுகுவலி வருகிறது. களைப்பு மிகுந்தால் மருந்தின் அளவிலும் நேரத்திலும் பிழை நேரலாம். சலித்துப்போனவர்கள் வேலையை விட்டு விலகினால், எஞ்சியவர்களின் சுமை மேலும் ஏறும்.

இந்தச் சுமைக்கு வரம்பிட அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1999-இல் சட்டம் இயற்றி, 2004 முதல் செவிலியர்–நோயாளி விகிதத்தைக் கட்டாயமாக்கியது. அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் இரு நோயாளிகளுக்கு ஒரு செவிலியர். பொது வார்டில் ஐவருக்கு ஒருவர். வேறு இரு மாநிலங்களோடு ஒப்பிட்ட பிந்தைய ஆய்வில், கலிபோர்னியாச் செவிலியரிடம் பணிச்சோர்வு குறைவாகவே காணப்பட்டது.