இந்தத் தவணை என்ன செய்வாய்?

நெடுந்தீவு மாணவர் ஒருவரிடம், "என்னவாக வர விருப்பம்?" என்று கேட்டால், வைத்தியர், பொறியியலாளர் என மறுமொழி உடனே வரும். "அதற்காக இந்தத் தவணை என்ன செய்வாய்?" என்றால் பெரும்பாலும் மௌனந்தான். கனவுக்கும் இலக்குக்கும் இடையிலுள்ள தூரம் அந்த மௌனமே என்பேன்.

தனிநாயகம் அடிகளாரைப் பாருங்கள். தந்தைவழியில் நெடுந்தீவார், 1913இல் பிறந்தவர். உரோமாபுரியில் இறையியல் கற்று, ஐரோப்பிய மொழிகள் பல அறிந்து வந்தவருக்குத் தமிழை ஆழ்ந்து கற்காத குறை உறுத்தியது. வடக்கன்குளத்தில் ஆசிரியப் பணியோடு தமிழும் படித்தார். 1945இல், 32ஆம் வயதில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மீண்டும் மாணவரானார். 1952இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்ற ஆங்கில இதழைத் தொடங்கினார். 1964இல் டில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடியது.

இந்த வரிசையை முன்பின் மாற்றிப் பாருங்கள், ஒன்றும் நிற்காது. ஒவ்வொரு படியும் முந்திய படியின்மேல் எழுந்தது.

மாணவர்களே, ஒரு தாளில் உங்கள் பெருவிருப்பத்தை எழுதுங்கள். அதன்கீழ் உயர்தரத்தில் எடுக்க வேண்டிய பாடங்கள். அதன்கீழ் இந்தத் தவணைக்குள் முடிக்கும் அலகுகள். கடைசியில் இன்றிரவுக்கான ஒரு மணித்தியாலம். அந்தப் பாடத்துக்குத் தீவில் ஆசிரியர் இல்லையென்றால், யாழ்ப்பாணத்தில் யார் வீட்டில் தங்குவது, செலவுக்கு என்ன வழி என்பவற்றையும் எழுதுங்கள். பெற்றோரோடு இருந்தே எழுதுங்கள். தவணை முடிவில் முடியாதவற்றை அடுத்த தவணைக்கு மாற்றலாம். அதற்காகத் தாளைக் கிழித்துவிட வேண்டாம்.