சிறைப்பட்ட ஒளி



எங்கள் ஆரணியில் நெய்யும் பட்டின் நிறத்தை இன்று வெளியூரார் பலர் கைப்பேசித் திரையிலேயே காண்கின்றனர். அத்தகைய திரைகள் பலவற்றில் ஒளிர்வது கரிமப் பொருளாலான படலம். 1987ஆம் ஆண்டில் அமெரிக்கக் கோடாக் நிறுவனத்தின் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் ஆகிய இருவரும், குறைந்த மின்னழுத்தத்தில் ஒளிரும் இக்கருவியை அறிவித்தனர்.

இரு மின்வாய்களுக்கு இடையே அப்படலம் இருக்கிறது. அவற்றுள் ஒன்று ஒளிபுகுவது. இந்தியமும் வெள்ளீயமும் சேர்ந்த ஆக்ஸைடால் ஆகியது. மின்சாரம் பாய, ஒளி பிறக்கிறது. ஆயினும், கண்ணாடித் தகட்டின்மேல் அமைந்த எளிய கருவியில், பிறந்த ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே வெளியேறுகிறது!

ஏன்? கிணற்றில் மூழ்கி மேல்நோக்கிய சிறுவர்க்கு வானம் ஒரு வட்டமாகவே தெரியும். வட்டத்திற்கு அப்பால் நீர்ப்பரப்பு கண்ணாடிபோல் மின்னும். வகுப்பில் நான் கற்பித்த முழு அகப் பிரதிபலிப்பு இதுவே. கண்ணாடியிலிருந்து காற்றுக்குச் செல்லும் ஒளி, செங்குத்துக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 42 பாகைக்கு மேல் சாய்ந்தால், உள்ளேயே திரும்பிவிடும். ஒளிவிலகல் எண் மிகுந்த மின்வாயிலும் படலத்திலும் மற்றொரு பங்கு சிக்கிக்கொள்ளும்.

கண்ணாடியின் வெளிமுகத்தில் நுண்ணிய வில்லைகளைப் பதித்தால், கண்ணாடியில் சிக்கிய ஒளியில் ஒரு பகுதி விடுபடும். மின்வாய்க்கும் கண்ணாடிக்கும் இடையே ஒளியைச் சிதறச் செய்யும் அடுக்கை வைத்தால், மின்வாய்ப் பக்கம் சிக்கியதும் ஓரளவு வெளிவரும். ஆனால் சிதறல் திரையின் உருவத்தை மங்கச் செய்யக்கூடும். விளக்குக்கோ அது குறையன்று.

மின்சாரத்தை மிகுத்தால் வெளிச்சம் பெருகும். கருவியின் ஆயுளோ குறையும். ஆகவே, ஒளியை மேலும் உண்டாக்குவதினும், உண்டான ஒளிக்கு வழிதிறப்பதே சிக்கனம்.