சேர்த்துவிட்டால் போதுமா?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலே படிக்கும் கறுப்பின மாணவர்களைப் பற்றியும், அவர்களுக்குத் துணைநின்ற அலுவலக ஊழியர்களைப் பற்றியும். கடல் கடந்த கதை நமக்கெதற்கு என்று சிலர் நினைக்கலாம். இதே நகரத்தில், பம்பாய் என்று அழைக்கப்பட்ட நாளில், 1972ஆம் ஆண்டு தலித் இளைஞர்கள் ஓர் இயக்கம் கண்டார்கள். அதற்குச் சிறுத்தைகள் என்று பெயரிட்டார்களே, அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் கருஞ்சிறுத்தைக் கட்சியிடமிருந்து வந்தது. ஆகவே கதை அப்படியொன்றும் தூரத்துக் கதை அல்ல.

1962இல் ஜேம்ஸ் மெரிடித் என்ற ஒரே ஒரு கறுப்பின மாணவர் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் காலெடுத்து வைக்க ராணுவம் வரவேண்டியிருந்தது. கலவரத்தில் இரண்டு பேர் செத்தார்கள். பெரும் போராட்டத்துக்குப் பிறகு கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மாணவர்களும் உள்ளே போனார்கள். ஆனால் உள்ளே போனவர்களில் எத்தனையோ பேர் பட்டம் வாங்காமலே வெளியே வந்தார்கள். ஏன்?

இந்தக் கேள்வியை எழுபதுகளின் நடுவிலே கலிபோர்னியாவில், பெர்க்லி பல்கலைக்கழகத்தில், யூரி டிரைஸ்மன் என்ற இளைஞர் எழுப்பினார். அப்போது அவர் பட்ட மேற்படிப்பு மாணவர். முதலாண்டுக் கணக்கு வகுப்பில், அதாவது கால்குலஸ் பாடத்தில், கறுப்பின மாணவர்கள் தொடர்ந்து தோற்றார்கள். அவர் ஆசிரியர்களைக் கேட்டார். ஊக்கம் இல்லை என்றார் ஒருவர். பள்ளி அடிப்படை போதாது என்றார் இன்னொருவர். வீட்டிலே படிப்பைப் பற்றிய அக்கறை கிடையாது, எல்லாம் வறுமை என்றார்கள் மற்றவர்கள். இந்தப் பதில்களை நீங்களும் கேட்டிருப்பீர்கள், இல்லையா?

டிரைஸ்மன் அந்தப் பதில்களோடு நிற்கவில்லை. 20 கறுப்பின மாணவர்கள், 20 சீன வம்சாவளி மாணவர்கள் என்று எடுத்துக்கொண்டு, அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதைக் கூடவே இருந்து பார்த்தார். ஆசிரியர்கள் சொன்ன நான்கு காரணங்களும் உதிர்ந்தன. அந்தப் பிள்ளைகள் தம் பள்ளிகளில் முதல் வரிசையில் நின்றவர்கள். பெற்றோர்கள் பிள்ளை பட்டதாரியாக வேண்டும் என்று உயிரைக் கொடுத்தவர்கள். பிறகு எங்கேதான் வித்தியாசம்?

கறுப்பின மாணவர் தனியே படித்தார். வாரத்துக்கு எட்டு மணி நேரம் படியுங்கள் என்று கல்லூரி சொன்னது. அவர் சொன்னபடியே அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படித்தார். கணக்கு வராவிட்டால் குறை தன்னிடம்தான் என்று நினைத்துக்கொண்டார். சீன மாணவர்களும் அதே எட்டு மணி நேரம் தனியே படித்தார்கள். ஆனால் அதோடு விடவில்லை. மாலையில் ஒன்றுகூடி ஒருவர் கணக்கை ஒருவர் திருத்தினார்கள். சாப்பாட்டு மேசையிலும் அதே பேச்சு. எல்லோரும் முட்டிய கணக்கு என்றால் அது கணக்கின் கடினம், தன் மூளையின் குறை அல்ல என்று அவர்களுக்குத் தெரிந்துபோயிற்று. எவ்வளவு சின்ன விஷயம், எவ்வளவு பெரிய வித்தியாசம்!

இதைக் கண்டபின் அவர் குழுப் பட்டறைகளைத் தொடங்கினார். இவற்றைப் பின்தங்கியோர் வகுப்பு என்று அவர் நடத்தவில்லை. அங்கே கொடுத்த கணக்குகள் வகுப்புக் கணக்குகளைவிடக் கடினமானவை. கெட்டிக்காரர்கள் வரும் இடம் இது, வா என்று அழைத்தார். அந்தப் பட்டறைக்கு வந்த பிள்ளைகள் தேறினார்கள். பரிதாபப்பட்டுத் தரும் பாடம் ஒருவனைத் தூக்கிவிடாது என்பது என் எண்ணம். பெர்க்லியிலே அது நிரூபணமும் ஆயிற்று.

இனி நாட்டின் மறுகோடிக்கு வாருங்கள். மேரிலாந்து மாநிலத்தில் பால்டிமோர் நகரை ஒட்டி, 1966இல் திறந்த ஒரு பல்கலைக்கழகம். 1987இல் ஃப்ரீமன் ரபௌஸ்கி என்பவர் அங்கே நிர்வாகப் பதவிக்கு வந்தார். இவர் யார்? 1963 மே மாதம் அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில் சிறுவர் சிறுமியர் ஊர்வலம் போனார்களே, அதிலே நடந்த 12 வயதுப் பையன். நல்ல பள்ளிக்கூடம் வேண்டும் என்று கேட்டதற்காக ஐந்து நாள் சிறையிலே வைத்தார்கள். அந்தப் பையன்தான் பின்னாளில், 1992 முதல் 2022 வரை முப்பது ஆண்டுகள், அதே பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தார்.

1988இல் ராபர்ட் மேயர்ஹாஃப், ஜேன் மேயர்ஹாஃப் என்ற செல்வந்தத் தம்பதியர் கறுப்பின இளைஞர்களின் விஞ்ஞானப் படிப்புக்காக நன்கொடை தந்தார்கள். 1989இல் 19 பையன்கள் சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டு பெண்களும் வந்தார்கள். உதவித்தொகை கொடுப்பவர்கள் உலகில் நிறையப் பேர். இந்தத் திட்டத்தின் உயிர் உதவித்தொகையில் இல்லை. அதை நடத்திய அலுவலகத்தில் இருந்தது.

அந்த அலுவலகத்தில் எர்னஸ்டீன் பேக்கர் என்ற அம்மையாரும், 2012இல் காலமான லாமாண்ட் டோலிவர் என்பவரும் பல ஆண்டுகள் பொறுப்பிலிருந்தார்கள். விஞ்ஞானி என்ற பெயர் இவர்களுக்கு இல்லை. மாணவர்களைப் பார்த்துக்கொள்வதே இவர்கள் உத்தியோகம். கல்லூரி திறப்பதற்கு முந்திய கோடையிலேயே புது மாணவர்களை வரவழைத்து ஒன்றாகத் தங்கவைப்பார்கள். அப்போதே பாடமும் தொடங்கிவிடும். சேர்ந்து படி என்பார்கள். முன்வரிசையில் உட்காரச் சொல்வார்கள். அடிப்படைப் பாடத்தில் சி கிரேடு வாங்கினால், தேறிவிட்டோம் என்று விட்டுவிடாதே, மறுபடியும் அந்தப் பாடத்தை எடு என்பார்கள். பிள்ளைக்கு அப்போது கோபம் வரும்தான். ஆனால் மேலே கட்டப்போகும் மாடிக்கு அஸ்திவாரம் அதுதானே! பெற்றோர்களுக்கும் தனிச் சங்கம் உண்டு. பிள்ளையை விட்டுவிட்டு வாசலோடு திரும்பும் வழக்கம் அங்கே கிடையாது. அதோடு மாணவர்களை விஞ்ஞானிகளின் ஆய்வுக்கூடத்திலேயே கொண்டுபோய் வேலைக்கு விட்டார்கள்.

விளைச்சலைக் கேட்கிறீர்களா? கொரோனா காலத்தில் மாடர்னா தடுப்பூசி வந்ததே, அதை உருவாக்கிய அரசு ஆய்வுக்குழுவின் முன்னணியில் நின்றவர் கிஸ்மேகியா கார்பெட் என்ற கறுப்பினப் பெண் விஞ்ஞானி. இந்தத் திட்டத்தில் படித்து 2008இல் பட்டம் பெற்றவர். 2017 முதல் 2021 வரை அந்த நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரியாயிருந்த ஜெரோம் ஆடம்ஸும் இதே திட்டத்தின் பிள்ளைதான்.

நியூ ஆர்லியன்ஸில் சேவியர் பல்கலைக்கழகம் என்று ஒன்று, கறுப்பின மாணவர்களுக்காகவே கத்தோலிக்கக் கன்னியர் தொடங்கியது. சிறிய நிறுவனம். மருத்துவக் கல்லூரிகளுக்குக் கறுப்பின மாணவர்களை அனுப்புவதில் நாட்டிலேயே முன்னணியில் நிற்கிறது. கார்மைக்கேல் என்ற வேதியியல் ஆசிரியர் அங்கே மருத்துவ விண்ணப்பத்துக்கான ஆலோசனை அலுவலகத்தை ஆண்டுக்கணக்காக நடத்தினார். 2005இல் கத்ரீனா புயலில் வளாகம் வெள்ளத்தில் மூழ்கியது. 2006 ஜனவரியில் மறுபடியும் வகுப்பு நடந்தது!

இப்போது கசப்பான பகுதிக்கு வருகிறேன். இப்படிப்பட்ட ஊழியர்களின் நாற்காலிதான் முதலில் பறிபோகிறது. மேரிலாந்து மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்களுக்கென்று தனி உதவித்தொகை இருந்தது. அது செல்லாது என்று 1994இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் விளைவாக 1996இல் மேயர்ஹாஃப் திட்டமும் எல்லா இனத்தவருக்கும் திறக்கப்பட்டது. அது திறந்த பிறகும் நன்றாகவே நடக்கிறது; அதை நான் மறைக்கவில்லை. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்றது. அதே ஆண்டு டெக்ஸாஸ் மாநிலம் ஒரு சட்டம் போட்டது. பன்முகத்தன்மை, சமத்துவம் என்று பெயர் வைத்த அலுவலகங்கள் அரசுப் பல்கலைக்கழகங்களில் இருக்கக்கூடாது என்பது அந்தச் சட்டம். 2024 ஜனவரியில் அது அமலுக்கு வந்தது. ஆஸ்டின் நகர்ப் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கூடும் பல்பண்பாட்டு மையம் மூடப்பட்டது. பெயரை மாற்றிக்கொண்டு தொடர்ந்த பிரிவையும் விடவில்லை. ஏப்ரலில் அதையும் மூடி ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இவர்கள் போனால் வகுப்பு நிற்காது, கட்டணமும் குறையாது. நூலகம் திறந்துதான் இருக்கும். அதனால் பறிபோனது வெளியே தெரியாது. இரண்டாம் பருவத்தில் வகுப்புக்கு வராமல் போன பையன் எங்கே என்று கேட்கிற ஆள்தான் இருக்க மாட்டார். அந்தப் பையனும் போய்விடுவான். திறமை போதவில்லை என்று கணக்கெழுதிவிடுவார்கள்.

ஒன்று மட்டும் நம்மைப் பற்றி. நம் சங்கத்திலே ஆண்டுதோறும் மார்க் வாங்கிய பிள்ளைகளுக்குச் சால்வை போட்டு, உறை கொடுத்து, போட்டோ எடுத்து அனுப்புகிறோம். அந்தப் பிள்ளை கல்லூரியில் சேர்ந்து ஆறு மாதம் கழித்து எப்படி இருக்கிறது என்று கேட்க நம்மிடம் யார் இருக்கிறார்கள்? ஒரே சாலிலே நான்கு வீட்டுப் பிள்ளைகள் பொறியியல் படிக்கிறார்கள். நால்வரும் தனித்தனியே, தனித்தனி டியூஷனுக்குப் பணம் கட்டி, தனித்தனியே தோற்கிறார்கள். அலுவலகத்தின் மாடி அறை ஞாயிற்றுக்கிழமை மாலையில் பூட்டித்தான் கிடக்கிறது. அந்தச் சாவியை இரண்டு பட்டதாரித் தோழர்களிடம் கொடுக்கச் சொல்லிச் செயற்குழுவுக்கு எழுதியிருக்கிறேன். பெயர்ப் பட்டியலும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. இந்த ஆண்டு கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகளின் தாய்மார்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.