கொல்லைப்புறத்தில் இன்னொரு வீடு

லாஸ் ஏஞ்சலஸில் வீட்டு வாடகையைக் கேட்டால் தலை சுற்றும். கட்ட மனை இல்லையா என்றால், இருக்கிறது, பல வீடுகளின் பின்னாலேயே! ஆனால் கொல்லைப்புறத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொள்ள நகராட்சிகள் லேசில் விடவில்லை. கார் நிறுத்த இடம் காட்டு, மதிலை விட்டுத் தள்ளிக் கட்டு என்று ஆயிரம் நிபந்தனை.

கலிஃபோர்னியா மாநில அரசே தலையிட்டு 2017 முதல் விதிகளைத் தளர்த்தியது. 2020-இல் இன்னும் தாராளம். 800 சதுர அடி வரையிலான வீட்டை, மனை சிறியது என்று சொல்லித் தடுக்க முடியாது. பக்கத்திலும் பின்னாலும் 4 அடி விட்டால் போதும். முழுமையான மனு கொடுத்தால் 60 நாளில் முடிவு சொல்லியாக வேண்டும். இந்த வேகம் நம்மூர் ஆபீஸ்களுக்கும் வந்தால் தேவலை!

கார் ஷெட்டையே வீடாக்குவோர் அங்கே நிறைய. கதவு இருந்த இடத்தில் சுவரும் ஜன்னலும், ஓரமாய் ஒரு சமையல் மேடை, ஒரு குளியலறை. வயதான அம்மா குடிவருவார், இல்லாவிட்டால் வாடகைக்கு ஒரு மாணவர்.

மனை சொந்தம்தான், ஆனாலும் செலவு சொற்பமல்ல. சாக்கடைக் குழாயும் மின் இணைப்புமே பணத்தை விழுங்கிவிடும். அதனால் வசதி உள்ளவர்களுக்குத்தான் இது முதலில் கைகூடுகிறது. நகராட்சி சம்மதித்தால் 2024 முதல் இந்த வீட்டைத் தனியாக விற்கவும் செய்யலாம். சான் ஹோசே நகரம் சம்மதித்துவிட்டது.