இரண்டு இன்ஜின், ஒரு கரை
(கொல்லிமலையில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்திருக்கிறோம். வளைவில் டிரைவர் வேகத்தைக் குறைத்தாலும் ஸ்டியரிங் பேச்சைக் கேட்கும். படகு அப்படியில்லை. சுக்கானில் தண்ணீர் வேகமாக மோதினால்தான் அது வேலை செய்யும். கரையை நெருங்கி வேகம் குறைந்ததும் அது ஏறக்குறைய செத்த மாதிரிதான். படகுக்குப் பிரேக்கும் கிடையாது.

இரட்டை இன்ஜின் படகில் இதற்கு வழி உண்டு. இரட்டை மாட்டு வண்டியை நினைத்துக் கொள்ளுங்கள். இடது மாட்டை இழுத்துப் பிடித்து வலது மாட்டை முடுக்கினால் வண்டி இடப்பக்கம் திரும்பும். அதேபோல சுக்கானை நேராக விட்டுவிட்டு, இடது இன்ஜினை ரிவர்ஸிலும் வலதை முன்னோக்கியும் போட்டால், படகு நின்ற இடத்திலேயே இடப்பக்கம் சுழலும். ரிவர்ஸில் புரொப்பெல்லருக்கு இழுவை குறைவு. அதனால் படகு சற்றே முன்னால் நழுவும். ரிவர்ஸ் பக்கம் கொஞ்சம் கூட்டிக் கொடுக்க வேண்டும்.

காற்றும் நீரோட்டமும் எதிரே இருக்கும்படி, சாய்வாக ஜெட்டியை அணுகுங்கள். கியரைப் போட்டு உடனே நியூட்ரலுக்கு எடுங்கள். மிச்சத்தைப் படகின் ஓட்டமே பார்த்துக்கொள்ளும். அணியம் ஜெட்டியை நெருங்கும்போது வெளிப்பக்க இன்ஜினை மட்டும் ரிவர்ஸில் போட்டால், படகும் நிற்கும், பின்பக்கமும் கரையோடு ஒட்டும். முன் கியரிலிருந்து ரிவர்ஸுக்குப் போகுமுன் நியூட்ரலில் ஒரு கணம் நிற்க வேண்டும். அவசரப்பட்டால் கியர் போய்விடும்.

படகு நகரும்போது கையையோ காலையோ ஜெட்டிக்கு நடுவே நீட்டித் தடுக்கவே கூடாது. அந்த வேலைக்கு டயர் இருக்கிறது. டன் கணக்கான எடைக்கு முன் மனிதக் கால் எம்மாத்திரம்? கரை தெரிந்ததும் பயணிகள் எழுந்து ஒரு பக்கம் குவிவார்கள், உட்காரச் சொல்லுங்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததை மறக்கக் கூடாது. விலங்கைப் பார்க்கப் பலரும் ஒரு பக்கம் திரண்டதாக அப்போது சொன்னார்கள்.

எவ்வளவு திறமை இருந்தாலும் கடல் இடம் கொடுக்க வேண்டும். கன்னியாகுமரியில் நீர்மட்டம் தாழ்ந்தால் திருவள்ளுவர் சிலைப் பாறைக்குப் படகு போகாது. 2024 டிசம்பர் 30-ல் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகுதான், விவேகானந்தர் பாறையில் இறங்கி நடந்தே போக முடிகிறது. கரை சேர்வது சரியாக அமையவில்லை என்று தோன்றினால் விலகி, ஒரு சுற்று சுற்றி மறுபடி வாருங்கள். அதில் வெட்கமே இல்லை.

மாணவர்களே, நாளை வாசலூர்ப்பட்டியில் படகு ஏறும்போது, நின்றபின் எழுந்திருங்கள்.